வாந்திபேதிக் கிருமியின் விஷமும் மாமாவின் கை நடுக்கமும்

லேக் மார்க்கெட்டில் வாழையிலையும் காப்பிப்பொடியும் வாங்கப் போகும் நம்மவர்களில் பலருக்கு அந்த மாமாவைத் தெரிந்திருக்கும். பெயர் வேண்டாம். தஞ்சாவூர் ஜில்லாவிலிருந்து 1966ல் ஒரு டிரங்குப் பெட்டியோடு ஹௌரா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர். ஒரு கம்பெனியில் ஸ்டெனோவாகச் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றார். துரைமார் பேசி முடிப்பதற்குள் சுருக்கெழுத்தில் எழுதி முடித்துவிடுவாராம். அந்த விரல்களைப் பற்றி அவருக்கு உள்ளூர ஒரு கர்வம் உண்டு. ஆறு வருஷமாக அதே விரல்கள் டபராவைப் பிடித்தால் காப்பி தரையில் சிந்துகிறது. பார்க்கின்சன் வியாதி என்று டாக்டர் சொல்லி, மாத்திரை சாப்பிட்டு வருகிறார்.

சென்ற துர்கா பூஜை விடுமுறை முடிந்த சமயம், யாரோ அவர் கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்திருக்கிறார்கள். "பார்க்கின்சன் மூளை வியாதியே அல்ல. குடலில் வாழும் கிருமிகளின் விஷமே காரணம். குடலைச் சுத்தம் செய்தால் மாத்திரை தேவையில்லை" என்று அதில் அச்சடித்திருந்தது. மாமா படித்தவர். படித்தவர்தான் நம்பிவிட்டார்! மாமிக்குக்கூடச் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டு, ஏதோ ஒரு சூரணத்தைச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்றாம் நாள் படுக்கையில் புரளக்கூட முடியவில்லை. உடம்பு மரக்கட்டை போல விறைத்து, ஜுரமும் சேர்ந்துகொண்டது. நல்ல வேளையாகப் பிள்ளை ஊரில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், மறுபடி மாத்திரை கொடுத்து, பத்து நாள் கழித்து வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். இந்த மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம் என்பது அந்த நோட்டீஸில் எங்கும் இல்லை.

பார்க்கப் போயிருந்தேன். நான் மருத்துவன் அல்ல. முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் சொல்லிக் கொடுத்தவன், அவ்வளவே. மாமா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்டார்: "வாத்யாரே, அந்த நோட்டீஸ்ல போட்டிருந்ததெல்லாம் முழுப் பொய்யா?"

"முழுப் பொய்யாக இருந்தால் சுலபமாகப் போயிருக்கும் மாமா. அதில் ஒரு துளி விஞ்ஞானம் கலந்திருக்கிறது. அதுதான் சங்கடம்" என்றேன்.

அன்று அவரிடம் அரைகுறையாகச் சொன்னதைத்தான், பிறகு கொஞ்சம் புரட்டிப் படித்துவிட்டு, இங்கே விரிவாக எழுதுகிறேன். மாமாவைப் போல இன்னும் எத்தனை வீடுகளில் இந்த நோட்டீஸ் போயிருக்கிறதோ! அந்த ஒரு துளி விஞ்ஞானத்தின் ஊற்றுக்கண் நாம் வாழும் இந்தக் கொல்கத்தாவிலேயே இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

முயலின் குடலில் ஒரு முடிச்சு

வங்காளத்துக்கும் காலராவுக்கும் உள்ள சம்பந்தம் பழையது. நம் ஊரில் வாந்திபேதி கண்டால் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டது போல, இங்கே ஓலாபீபி என்றும் ஓலாய்சண்டி என்றும் ஒரு தெய்வத்துக்கு இந்துக்களும் முஸ்லிம்களும் சேர்ந்தே பூஜை போட்டார்கள். ஜெர்மனியின் புகழ்பெற்ற விஞ்ஞானி ராபர்ட் காக் 1883 டிசம்பரில் கல்கத்தாவுக்கு வந்து, அடுத்த ஆண்டு ஆரம்பத்தில் இந்த வியாதியின் கிருமியைத் தனியே பிரித்துக் காட்டினார். கமா குறி போல வளைந்த கிருமி. நோயாளிகளின் குடலிலும் கண்டார், அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் கண்டார். கிருமி ஒரு விஷத்தைச் சுரக்கிறது என்று ஊகமும் சொன்னார். ஆனால் அந்த விஷத்தை யாராலும் பிடித்துக் காட்ட முடியவில்லை. கிருமி செத்து உடையும்போது வெளிவரும் அதன் உடற்பகுதிகளே விஷம் என்று பிறகு வந்தவர்கள் நம்பினார்கள். இப்படியே எழுபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது.

பிடித்துக் காட்டியவர் ஹூக்ளி ஜில்லாவில் ஒரு கிராமத்தில் 1915ல் பிறந்த டாக்டர் சம்புநாத் தே. (வங்காளிகள் வாயில் 'ஷொம்புநாத்'.) கல்கத்தா மெடிக்கல் காலேஜில் படித்து, லண்டன் சென்று டாக்டர் பட்டம் பெற்று, 1949ல் திரும்பி வந்து, சியால்டாவில் உள்ள நீல்ரத்தன் சர்க்கார் மெடிக்கல் காலேஜில் நோய்க்குறியியல் துறையில் சேர்ந்தார். வெளிநாட்டிலேயே தங்கியிருந்தால் வசதியாக ஆராய்ச்சி செய்திருக்கலாம். ஆனால் காலரா நோயாளிகள் இங்கே அல்லவா இருந்தார்கள்!

அவருக்கு முன்னால் இருந்தவர்கள் செய்த தவறு என்ன என்று அவர் யோசித்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் காலராக் கிருமியை எலிக்கும் முயலுக்கும் ரத்தத்தில் ஏற்றினார்கள், வயிற்றறைக்குள் ஏற்றினார்கள். பிராணி செத்தது, ஆனால் பேதி ஆகவில்லை. தே கேட்டார்: மனிதனுக்கு இந்தக் கிருமி எங்கே போகிறது? சிறுகுடலுக்குள். ரத்தத்துக்குள் அது போவதே இல்லை. அப்படியானால் சோதனையையும் சிறுகுடலுக்குள்தானே செய்ய வேண்டும்?

ஒரு முயலுக்கு மயக்கம் கொடுத்து, வயிற்றைத் திறந்து, சிறுகுடலில் சில அங்குல நீளத்தை இரு பக்கமும் நூலால் முடிச்சுப் போட்டுக் கட்டினார். கட்டிய அந்தத் துண்டுக்குள் காலராக் கிருமிகளை ஊசியால் செலுத்தி, வயிற்றைத் தைத்தார். மறுநாள் திறந்து பார்த்தால் அந்தத் துண்டு மட்டும் பலூன் போல உப்பியிருந்தது. உள்ளே கஞ்சித் தண்ணீர் போன்ற திரவம், அச்சு அசலாகக் காலரா நோயாளிக்குப் போவது போலவே! சட்டர்ஜி என்ற சக ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து 1953ல் இதை வெளியிட்டார். நூலும் ஊசியும் முயலும் இருந்தால் போதும். உலகமெங்கும் பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்கள் இன்றுவரை பின்பற்றுகிற முறை இது.

1956ல் இன்னொன்று செய்தார். நம் எல்லோர் குடலிலும் சாதுவாக வாழும் 'ஈ.கோலை' என்ற பாக்டீரியாவின் சில வகைகளும் இதே மாதிரி முயல் குடலை உப்ப வைக்கின்றன என்று காட்டினார். இந்த ஈ.கோலையை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மறுபடி வரும்.

அதன் பிறகு, கல்கத்தா மெடிக்கல் காலேஜுக்கு மாறிய பின், 1959ல் வந்தது முத்தான சோதனை. கிருமிகளை வளர்த்த திரவத்தை நுண்ணிய வடிகட்டியில் வடித்து, ஒரு கிருமிகூட இல்லாமல் எடுத்து, அந்தத் தெளிந்த நீரை மட்டும் முயலின் குடலில் செலுத்தினார். குடல் உப்பியது. ஆக, வியாதி செய்வதற்குக் கிருமி அங்கே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது உயிரோடு இருக்கும்போது சுரந்துவிட்டுப் போன ஒரு பொருள் போதும். 'நேச்சர்' பத்திரிகையில் ஒரு சிறு கட்டுரையாக இது வந்தது. பத்து வருஷம் கழித்து, 1969ல், அமெரிக்காவில் அந்தப் பொருளைச் சுத்தமாகப் பிரித்தெடுத்தார்கள். அது ஒரு புரதம்.

புரதம் என்றால் பருப்பிலும் பாலிலும் இருப்பது என்றுதான் நமக்குத் தெரியும். உயிருள்ளவை எல்லாம் தம் வேலைகளுக்காகப் புரதங்களைச் செய்துகொள்கின்றன, பாக்டீரியாவும் அப்படித்தான். காலராப் புரதத்துக்கு ஆறு துண்டுகள். ஐந்து துண்டுகள் வளையமாகச் சேர்ந்து குடலின் செல்லைப் பற்றிக்கொள்ளும் கை. ஆறாவது துண்டு செல்லுக்குள் நுழைந்து, தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு மூட விடாமல் செய்கிற திருடன். அதனால்தான் மணிக்கு ஒரு லிட்டர் வரை உடம்பு நீர் வெளியே கொட்டுகிறது.

தே அவர்களுக்கு நோபல் பரிசு தரலாம் என்று, தாமே நோபல் பரிசு பெற்ற ஜோஷுவா லெடர்பர்க் ஒரு முறைக்கு மேல் சிபாரிசு செய்தார். கிடைக்கவில்லை. 1978ல் ஸ்டாக்ஹோமில் காலரா பற்றி நடந்த நோபல் கருத்தரங்குக்கு அழைத்தார்கள், போய் வந்தார். நம் தேசத்து விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூட அவரை உறுப்பினராக்கவில்லை. 1985ல் காலமானார். காலேஜ் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகம் தேடப் போகும்போது மெடிக்கல் காலேஜ் வாசலைப் பார்த்தால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

குடலிலிருந்து மூளைக்கு

காலராவுக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். காலராப் புரதம் குடல் செல்லில் எதைப் பற்றிக்கொள்கிறது என்று தேடியபோது, 1970களின் தொடக்கத்தில் விடை கிடைத்தது: கேங்ளியோசைடு என்ற ஒரு வகைக் கொழுப்பு. அந்தக் கொழுப்பு முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே மூளையில்தான்! மூளை செல்களின் மேற்புறத்தில் அது ஏராளம். காலராப் புரதம் குடலோடு நின்றுவிடுவதால் நம் மூளை தப்பித்தது. ஆனால் மூளை நரம்புகளின் பாதையை ஆராய்கிறவர்கள் இன்று அந்தப் புரதத்தின் கையை மட்டும் தனியே எடுத்து, விஷமில்லாமல், அடையாளச் சாயம் போல உபயோகிக்கிறார்கள். சியால்டாவில் ஆரம்பித்த கதை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

மூளைக்கே போகிற பாக்டீரியாப் புரதமும் உண்டு. தனுர்வாதம் என்று நம் பாட்டிமார் நடுங்கிய வியாதி அதுதான். துருப்பிடித்த ஆணியோ முள்ளோ குத்திய புண்ணில் கிருமி தங்கிவிடும். அது சுரக்கும் புரதம் மட்டும் நரம்பு வழியாக ஏறி முதுகுத் தண்டுக்குப் போய், உடம்பை வில்லாக வளைக்கும். பிரசவத்தில் அழுக்குக் கத்தியால் தொப்புள்கொடி அறுக்கப்பட்ட குழந்தைகள் இதில் எத்தனை போயின! தடுப்பூசியின் புண்ணியத்தில், பிரசவத்தோடு வரும் இந்த வியாதி இந்தியாவில் ஒழிக்கப்பட்டுவிட்டதாக 2015ல் உலக சுகாதார நிறுவனம் உறுதி செய்தது.

இவையெல்லாம் நேரடித் தாக்குதல். இன்னொரு விதம் இருக்கிறது, அது வஞ்சகமானது. அதைச் சொல்வதற்கு முன் என் மனசில் உறுத்தும் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் என் வகுப்பில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். முத்து முத்தாக எழுதுவாள். ஒரு பருவத்தில் திடீரென்று கையெழுத்து கோணிப் போயிற்று. பேனாவைக் கீழே போடுவாள், காரணமில்லாமல் முகத்தைச் சுளிப்பாள், கை கால் நிலையாக இருக்காது. குறும்பு செய்கிறாள் என்று நினைத்து நான் அவளை பெஞ்சின் மேல் நிற்க வைத்தேன். உயிரியல் வாத்தியார்! அவளுக்கு வந்திருந்தது கொரியா என்ற மூளைக் கோளாறு. அதற்குச் சில மாதங்கள் முன்னால் தொண்டை வலியும் ஜுரமும் வந்து போயிருந்ததாக அவள் அம்மா பிற்பாடு சொன்னார். டாக்டர் சோதித்தபோது இதய வால்வும் கொஞ்சம் பழுதாகியிருந்தது.

தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் மேலுறையில் 'எம்' என்று பெயரிடப்பட்ட ஒரு புரதம் இருக்கிறது. அதன் சில பகுதிகள் நம் இதயத் தசையின் புரதத்தைப் போலவே இருக்கும். கிருமியை எதிர்க்க உடம்பு ஆண்டிபாடி என்ற சிப்பாய்களைத் தயாரிக்கிறது. அவர்கள் கிருமியை முடித்த பிறகு, அதே ஜாடை உள்ள நம் இதய வால்வையும் எதிரி என்று நினைத்துத் தாக்குகிறார்கள். வேலியே பயிரை மேய்கிற கதை. கொரியா வந்த குழந்தைகளின் ஆண்டிபாடிகள் மூளை செல்களையும் பற்றுகின்றன. அப்படிப் பற்றும் பொருள்களில், காலராப் புரதம் தேடிப் போகும் அந்தக் கொழுப்பின் நெருங்கிய உறவும் ஒன்று என்று 2003ல் ஓர் ஆய்வு காட்டியது. இந்தக் காய்ச்சலை ருமாட்டிக் காய்ச்சல் என்பார்கள். ஒரு தடவை வந்த குழந்தைக்கு மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி என்று வருஷக்கணக்கில் போட்டு, மறுபடி வராமல் தடுக்கிறார்கள். அந்தப் பெண் அப்படித்தான் பிழைத்து, கல்யாணமாகி, இப்போது வேறு ஊரில் நன்றாக இருக்கிறாள். எப்போதாவது சந்தித்தால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைப்பேன். ஜுரத்தோடு தொண்டை வலி வந்தால் "ஐஸ் சாப்பிட்டாய் அல்லவா" என்று திட்டிவிட்டுச் சும்மா இருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

இதுவரை சொன்னவை விஞ்ஞானிகள் பெரும்பாலும் ஒப்புக்கொண்டவை. இனிச் சொல்லப் போவது சந்தேகத்தின் பேரில் விசாரணையில் இருப்பது. இந்த வித்தியாசத்தை அந்த நோட்டீஸ்காரர் மறைத்துவிட்டார்.

உறை ஊற்றுவது போல

பார்க்கின்சன் வந்தவர்களின் மூளை செல்களில் 'ஆல்பா சினுக்ளின்' என்ற புரதம் கட்டி கட்டியாகச் சேர்ந்திருப்பதை 1997ல் கண்டார்கள். இது பாக்டீரியாவுடையது அல்ல, நம்முடைய சொந்தப் புரதம். புரதம் என்பது ஒழுங்காக மடித்து வைத்த வேஷ்டி மாதிரி. மடிப்புச் சரியாக இருந்தால்தான் வேலை செய்யும். மடிப்பு ஒரு தினுசாகத் தவறினால் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத இழைகளாகிவிடும். இப்படிப்பட்ட இழைகளுக்கு அமிலாய்டு என்று பெயர். இதில் ஒரு விபரீதம் என்னவென்றால், மடிப்புத் தவறிய ஒன்று பக்கத்தில் உள்ள நல்லதையும் தன்னைப் போல ஆக்கிவிடும். காய்ச்சிய பாலில் ஒரு ஸ்பூன் மோரை உறை ஊற்றினால் மொத்தமும் தோய்ந்துவிடுகிறதே, அது போல. (தயிரில் உயிருள்ள கிருமி பெருகுகிறது, இங்கே உயிர் எதுவும் இல்லை. உவமை அந்த அளவோடு நிற்கட்டும்.)

முதலில் உறை எங்கிருந்து விழுந்தது என்பதுதான் கேள்வி. இந்த வியாதியை 1817ல் முதலில் வர்ணித்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் டாக்டரே நோயாளிகளின் மலச்சிக்கலைக் குறிப்பிட்டிருக்கிறார். கை நடுக்கம் வருவதற்குப் பல வருஷங்கள் முன்பே மலச்சிக்கல் வந்துவிடுகிறது என்பது இப்போது பலரும் அறிந்தது. ஜெர்மனியின் பிராக் என்ற ஆராய்ச்சியாளர் 2003ல் ஒரு யோசனை சொன்னார்: சிலருக்காவது இந்தக் கோளாறு குடலில் தொடங்கி, குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு வழியாக மேலே ஏறுகிறதோ? முன்காலத்தில் வயிற்றுப் புண்ணுக்காக அந்த நரம்பை அறுத்துவிடுவார்கள். அப்படி முழுவதுமாக அறுக்கப்பட்டவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருகிறது என்று டென்மார்க்கில் 2015ல் கணக்கெடுத்தார்கள். பிறகு வந்த ஸ்வீடன் கணக்கு அவ்வளவு உறுதியாகச் சொல்லவில்லை.

இப்போது நம் ஈ.கோலை வரட்டும். சில பாத்திரங்களைச் சரியாகத் தேய்க்காமல் வைத்தால் உள்பக்கம் வழுவழுவென்று ஒரு படலம் படிகிறது அல்லவா? பாக்டீரியாக்கள் கூட்டமாகச் சேர்ந்து கட்டும் குடியிருப்பு அது. அந்தக் குடியிருப்புக்கு மூங்கில் சாரம் போல ஈ.கோலை சில இழைகளைச் செய்துகொள்கிறது. அந்த இழைப் புரதத்துக்குக் கர்லி என்று பெயர். 1989ல் இதைக் கண்டார்கள். 2002ல் சோதித்தபோது, அது அசல் அமிலாய்டு என்று தெரிந்தது. நம் மூளையில் வியாதியாகச் சேருவதை, பாக்டீரியா வீடு கட்டுவதற்காக வேண்டுமென்றே செய்துகொள்கிறது!

இந்தக் கர்லி, நம் ஆல்பா சினுக்ளினுக்கு உறையாக விழுமோ? 2016ல் அமெரிக்காவில் கிழட்டு எலிகளுக்குக் கர்லி செய்யும் ஈ.கோலையைத் தின்னக் கொடுத்தார்கள். கர்லி செய்யாத வகையைத் தின்ற எலிகளைவிட இவற்றின் குடலிலும் மூளையிலும் அந்தக் கட்டிகள் அதிகமாயின. 2020ல் இன்னொரு குழு, மனித ஆல்பா சினுக்ளினை அதிகமாகச் செய்யும்படி மாற்றப்பட்ட சுண்டெலிகளில் இதைச் சோதித்தது. கர்லி உள்ள கிருமி குடியேறியவை தடுமாறி நடந்தன. கர்லி இல்லாத கிருமி குடியேறியவற்றுக்கு அந்தக் கேடு வரவில்லை. கவனியுங்கள், கிருமி ஒன்றுதான். வித்தியாசம் ஒரே ஒரு புரதம். டாக்டர் தே கிருமியை வடிகட்டி எடுத்துவிட்டு விஷத்தை மட்டும் சோதித்தார். இவர்கள் கிருமியை வைத்துக்கொண்டு புரதத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சோதித்தார்கள். நியாயம் ஒன்றேதான்.

இதே கர்லி இன்னொரு இடத்திலும் தலை நீட்டுகிறது. லூப்பஸ் என்று ஒரு வியாதி, பத்தில் ஒன்பது பேர் பெண்கள். சிப்பாய்கள் சொந்த உடம்பின் மரபணுப் பொருளான டி.என்.ஏ.வையே எதிரியாக நினைத்துத் தோல், மூட்டு, சிறுநீரகம் என்று தாக்கும். பாக்டீரியாப் படலத்தில் கர்லி இழையோடு டி.என்.ஏ.வும் பின்னிக் கிடக்கும். அந்தக் கலவையைச் சுண்டெலிகளுக்குச் செலுத்தியபோது, லூப்பஸில் வருவது போன்ற ஆண்டிபாடிகள் உண்டானதாக 2015ல் பிலடெல்பியாவிலிருந்து ஓர் ஆராய்ச்சி வந்தது. லூப்பஸ் நோயாளிகளின் ரத்தத்திலும் கர்லிக்கு எதிரான ஆண்டிபாடிகள் இருப்பதைப் பின்னால் பார்த்தார்கள். மூளை வியாதி ஒன்று, தன்னைத் தானே தாக்கும் வியாதி ஒன்று, இரண்டிலும் சந்தேக வலையில் ஒரே புரதம்.

எலிக்குச் சரி, நமக்கு?

இங்கேதான் நிதானம் வேண்டும். எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதனுக்குப் பலிப்பதில்லை. கர்லியால்தான் ஒரு மனிதருக்குப் பார்க்கின்சன் வந்தது என்று இதுவரை யாரும் காட்டவில்லை. குடலைச் சுத்தம் செய்து ஒருவருக்கு அது குணமானதாகவும் காட்டவில்லை.

மற்றொரு உதாரணம் சொல்கிறேன். பல் ஈறு வியாதிக்குக் காரணமான ஒரு பாக்டீரியா சுரக்கும் புரதங்கள், மறதி வியாதியான அல்ஸைமர் வந்தவர்களின் மூளையில் காணப்பட்டதாக 2019ல் பெரிய பரபரப்பு எழுந்தது. அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தைக்கூடக் கண்டுபிடித்துவிட்டார்கள். அறுநூறு பேருக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது: மறதி வளர்வதை அந்த மருந்து தடுக்கவில்லை. பல் தேய்ப்பது நல்லதுதான். அதற்கு வேறு காரணங்கள் போதும்.

நம்மூர் டார்ஜிலிங் தேயிலைக்காரர்கள் சந்தோஷப்படும் விஷயமும் இதில் உண்டு. 2020ல் அந்தச் சுண்டெலிகளுக்குப் பச்சைத் தேயிலையில் உள்ள ஒரு சத்தைக் கொடுத்ததும் கர்லியின் கேடு குறைந்தது. உடனே பச்சைத் தேநீர் பார்க்கின்சனைத் தடுக்கும் என்று எழுதக் கிளம்பிவிடுவார்கள். ஆனால் அதே சத்தை, பார்க்கின்சனுக்கு நெருங்கிய உறவான ஒரு வியாதிக்காரர்களுக்கு ஜெர்மனியில் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்ததில், 2019ல் வெளிவந்த முடிவின்படி, வியாதி வளர்வது குறையவில்லை. சிலருக்குக் கல்லீரல் கெட்டது.

இத்தனையும் கேட்டுவிட்டு மாமா சொன்னார்: "அப்போ குடல்ல இருக்கற கிருமியைப் பத்தி நான் கவலையே படவேண்டாம்ங்கறே."

அதுவும் இல்லை. இதில் மாமாவுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒன்று இருக்கிறது. அவர் சாப்பிடும் மாத்திரை லெவோடோபா. அது குடலிலிருந்து ரத்தத்தில் சேர்ந்து, மூளைக்குப் போய், டோபமைன் என்ற பொருளாக மாற வேண்டும். சிலர் குடலில் உள்ள ஒரு வகை பாக்டீரியாவின் புரதம், அந்த மருந்தைக் குடலிலேயே மாற்றி வீணாக்கிவிடுகிறது என்று 2019ல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் தனித்தனியே கண்டன. ஒரே அளவு மருந்து ஒருவருக்குக் கேட்கிறது, இன்னொருவருக்குக் கேட்பதில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மருந்து நேற்றுப் போல இன்று கேட்கவில்லை என்றால் அதை நிறுத்திவிடுவதா? டாக்டரிடம் போய்ச் சொல்ல வேண்டும். அளவையோ வேளையையோ மாற்றிக் கொடுப்பார்.

இன்னொன்று, பாக்டீரியாவோடு சம்பந்தமில்லாதது, நம் சமையலறையோடு சம்பந்தப்பட்டது. நாம் சாப்பிடும் பருப்பு, பால், தயிர் இவற்றின் புரதமும் இந்த மருந்தும் குடலில் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும். ஹௌரா ஸ்டேஷனில் வண்டி வந்ததும் ஒரே கதவில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்த மாதிரி. ஆகையால் மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னதாகப் போடச் சொல்கிறார்கள். சிலருக்கு அதனால் வயிற்றைப் புரட்டும். அவர்களுக்கு டாக்டர் வேறு வழி சொல்வார். மாமா ஆறு வருஷமாகச் சாம்பார் சாதமும் தயிர் சாதமும் முடித்து, கை கழுவிவிட்டு வந்துதான் மாத்திரை போட்டிருக்கிறார்! அவருடைய டாக்டரைக் கேட்டு, வேளையை மாற்றினார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி போயிருந்தேன். வேலூருக்குப் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வரலாமா என்று பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தான். "வங்காளிகளெல்லாம் இங்கேர்ந்து வேலூருக்கு ரயில் ஏறறா, நாம மட்டும் போகாம இருக்கணுமா" என்பது அவன் கட்சி. மாமாவுக்கு அதில் அக்கறை இல்லை. கையில் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். கோணல்மாணலாக இருந்தாலும் சுருக்கெழுத்துத்தான். என்ன எழுதியிருக்கிறார் என்று எனக்குப் படிக்கத் தெரியாது.

"நீ சொன்னியே, அந்த முயல் டாக்டர், அவர் பேரை எழுதி வெச்சிருக்கேன்" என்றார். "மறந்துடக் கூடாதுன்னு." பிறகு சமையலறைப் பக்கம் திரும்பி, "காப்பி ஆச்சா?" என்று குரல் கொடுத்தார்.

"மாத்திரை போட்டு இருபது நிமிஷம்தான் ஆறது. இன்னும் பத்து நிமிஷம் இருங்கோ" என்றார் மாமி உள்ளேயிருந்து.